மரபு இஸ்லாமியக் கலைகள் இன்றைய தேவைக்கு எந்த அளவுக்கு உதவும்?

வாசகர் கேள்வி: 7 ஜூன்

ஏழெட்டு ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஓர் ஆலிமிடம், நோயாளிக்குப் பொருத்திய செயற்கைச் சுவாசக் கருவியை எந்த நிலையில் அகற்றலாம் என்று கேட்டேன். "கிதாபுகளில் இதுபற்றி இல்லை" என்று மட்டும் சொன்னார். நஹ்வு (தொடரிலக்கணம்), ஸர்ஃபு (சொல்லிலக்கணம்), மன்திக் (தர்க்கம்), உஸூல் (சட்ட ஆய்வு முறை) என்று பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய பாடங்களுக்கு இத்தனை ஆண்டுகளைக் கொடுப்பதைவிட, குர்ஆன், ஹதீஸ் மொழிபெயர்ப்புகளை நேரடியாகப் படித்து, நவீனக் கல்வியையும் சேர்த்துக்கொண்டால் போதாதா?

7 ஜூன், மாலை

அந்தப் பதில் என்னையும் வருத்துகிறது. ஆயினும் அதற்கான பழியை மரபுக் கலைகளின் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. மூல நூல்களில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒன்றுக்கு எப்படித் தீர்ப்புக் காண்பது என்பதற்கு ஒழுங்கான வழிமுறை வகுத்த கலைதான் உஸூலுல் ஃபிக்ஹு; ஃபிக்ஹு என்றால் மார்க்கச் சட்டம். ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் 'ரிஸாலா'வில் பேசியதே, எந்தச் சான்று எந்த அளவுக்குச் செல்லும், சான்று நேரடியாக இல்லாதபோது கியாஸ் (ஒப்புமை வழியில் தீர்ப்புக் காணுதல்) எந்த நிபந்தனைகளோடு செல்லும் என்பதைத்தான். அதை ஓதியவர் "இல்லை" என்று நிறுத்திக்கொள்கிறார் என்றால், அவர் பாடத்தை மனனம் செய்திருக்கிறார். அதைப் பயன்படுத்த யாரும் அவருக்குப் பயிற்சி அளிக்கவில்லை.

சுவாசக் கருவியையே எடுத்துக்கொள்வோம். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடியபோது இதற்குத் தீர்வு கண்டது. இதயமும் சுவாசமும் முற்றாக நின்று, இனி மீளாது என மருத்துவர்கள் உறுதி செய்தாலோ, மூளையின் எல்லாச் செயல்பாடுகளும் மீளாத வகையில் நின்றுவிட்டன என வல்லுநர்கள் முடிவு செய்தாலோ, அவரை இறந்தவராகக் கொள்ளலாம். பின்னைய நிலையில் கருவியின் துணையால் இதயம் இயங்கிக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்பது தீர்மானம். உடன்படாத அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருத்து வேறுபாடுகூட உஸூலின் மொழியிலேதான் நடக்கிறது: உயிரோடிருப்பது உறுதியாகத் தெரிந்த ஒருவரை ஐயத்தின் பேரில் இறந்தவராகக் கொள்ளலாமா? உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற பொதுவிதி இங்கே எந்தப் பக்கம் நிற்கிறது? வல்லுநரின் சாட்சியம் உறுதியைத் தருமா, வலுவான யூகத்தை மட்டும் தருமா? இந்தக் கேள்விகளை எழுப்பத் தெரிவதற்கே அந்தப் படிப்பு வேண்டும்.

8 ஜூன்

மொழிபெயர்ப்பு போதாதா என்ற இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். தன் வணக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் படிப்பவருக்கு நல்ல மொழிபெயர்ப்பு பெரும் துணை. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் ஒரு ஹதீஸின் மொழிபெயர்ப்பு, அது யாருக்குச் சொல்லப்பட்டது, பொதுவானதா குறிப்பானதா, பின்னர் மாற்றப்பட்டதா, அதற்கு எதிரான இன்னொரு ஸஹீஹான (நம்பகமான) அறிவிப்பு உண்டா என்பனவற்றைத் தன் பக்கத்தில் சுமந்து வருவதில்லை. அடுத்தவருக்குத் தீர்ப்புச் சொல்ல முற்படும்போதுதான் இந்தக் குறை ஆபத்தாகிறது.

ஹதீஸ் கலையின் இன்றைய பயன் இன்னும் விரிவானது. பதினோராம் நூற்றாண்டு பக்தாதில், கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாகச் சொல்லும் ஓர் ஆவணம் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் கொண்டுவரப்பட்டது. அதில் நபித்தோழர்களின் சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. அமைச்சர் அதை ஹதீஸ் அறிஞர் அல்கதீப் அல்பக்தாதியிடம் (மறைவு 1071) காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது போலி என்றார். காரணம் கேட்டபோது இரண்டைச் சொன்னார். சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின் ஆண்டான ஹிஜ்ரி 8இல், ஆவணம் எழுதப்பட்டிருக்க வேண்டிய கைபர் வெற்றியின் காலமோ ஹிஜ்ரி 7. இன்னொரு சாட்சி ஸஅது பின் முஆத் (ரலி). அவர் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார். ஒருவர் இன்னும் வராதவர், மற்றவர் ஏற்கெனவே போய்விட்டவர்.

ஆவணம் பரிசுத்தமாகத் தோன்றியது. சமுதாயத்தில் மதிப்புள்ள பெயர்கள் அதில் இருந்தன. அதை வீழ்த்தியது அறிவிப்பாளர்களின் பிறப்பு, இறப்பு, பயணம், சந்திப்பு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவைத்த ஒரு கலை. இன்று கைப்பேசிக்கு வரும் 'நபிமொழி'களையும் 'வரலாற்றுச் செய்தி'களையும் ஒரு நொடியும் யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பும் நாம், ஹதீஸ் கலை பழையது என்று சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே நினைக்கிறேன்.

8 ஜூன், இரவு

"அந்த முறை ஹதீஸுக்கு மட்டும் உரியது, செய்தித்தாளுக்கும் இணையத்துக்கும் எப்படிப் பொருந்தும்?" என்று ஒரு சகோதரர் கேட்கிறார். ஸஹீஹான ஹதீஸுக்கு ஐந்து நிபந்தனைகள்: தொடர் அறுபடாதிருத்தல், அறிவிப்பாளரின் நேர்மை, அவருடைய நினைவாற்றலின் துல்லியம், தம்மைவிட வலுவானவர்களுக்கு மாறாமை, மறைவான குறை இன்மை. இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனியாகப் பிரித்ததில்தான் அந்த அறிஞர்களின் நுட்பம் இருக்கிறது. நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார், எனினும் அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளர்களிடமிருந்து, குழப்பத்துக்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றுகூடப் பிரித்து எழுதி வைத்தார்கள். "அவர் தொழுகையாளி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நம்பிப் பணத்தை முதலீடு செய்து இழந்தவர்களை நான் நேரில் அறிவேன். நேர்மையும் துல்லியமும் வெவ்வேறு என்ற இந்த ஒரு பாடம் அவர்களுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

11 ஜூன்

கேள்வி கேட்டவர் சொன்னதில் நியாயமான ஒரு பாதி இருக்கிறது; அதை மறைத்துவிட்டு மரபைத் தற்காப்பது மரபுக்கே செய்யும் அநீதி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வின் அறிவு பற்றிய பகுதியில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயத்தில் சிலராவது செய்தே ஆகவேண்டிய கடமை என்று வைக்கிறார். பிறகு தம் காலத்தவர்மீது கடுமையாகக் குறைப்படுகிறார்: எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, அந்தப் பக்கம் எவரும் திரும்பவில்லை, எல்லோரும் ஃபிக்ஹில், அதிலும் கருத்து வேறுபாட்டு விவாதங்களில் போட்டி போட்டுக்கொண்டு நுழைகிறார்கள். மருத்துவம் படித்தால் வக்ஃபு நிர்வாகமும் நீதிபதி பதவியும் அநாதைகளின் சொத்தைக் கையாளும் பொறுப்பும் கிடைக்காது என்பதே காரணம் என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். 1111இல் மறைந்தவர் எழுதிய இந்தப் பக்கத்தை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நம் சமுதாயத்தைத்தான் அதில் பார்க்கிறேன்.

இப்னு கல்தூன் (1332-1406) இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். கலைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: தம்மளவில் நாடப்படும் கலைகள், அவற்றை அடையக் கருவியாக இருக்கும் கலைகள். குர்ஆன் விளக்கம், ஹதீஸ், ஃபிக்ஹு முதல் வகை. அரபி இலக்கணமும் மன்திக்கும் இரண்டாம் வகை. கருவிக் கலைகளில் தேவைக்கு மேல் மூழ்கினால் இலக்கை அடைய ஆயுள் போதாது என்கிறார். சுருக்க நூல்களை மனனம் செய்ய வைப்பது கற்பித்தலுக்குக் கேடு என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

நான் ஓதிய காலத்தில் மன்திக் பாடத்தில் ஒரு சுருக்க நூல், அதற்கு உரை, அந்த உரையின் முதல் வரிக்கு வந்த ஆட்சேபங்கள், ஆட்சேபங்களுக்கு விடைகள் என்று ஒரு பருவம் முழுவதும் போயிற்று. உஸ்தாத் கூர்மையானவர், அவரிடமிருந்து சிந்திக்கக் கற்றேன். ஆனால் அந்தப் பருவத்தில் எங்களில் ஒருவரும் ஒரு நாளிதழ்க் கட்டுரையை எடுத்து, அதன் முன்கூற்றுகள் எவை, முடிவு அவற்றிலிருந்து பிறக்கிறதா என்று பிரித்துப் பார்த்ததில்லை. பாடத்தை வைத்துக்கொண்டு பயிற்சியை மாற்றலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

12 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. இப்னு கல்தூன் அளவு மீறியதாகச் சொல்லும் கலைகளில் உஸூலுல் ஃபிக்ஹும் உண்டு. முதல் குறிப்பில் நான் அவ்வளவு உயர்த்திப் பேசிய கலை அது. இரண்டும் முரண்படவில்லை. இறுதியில் எந்த ஒரு சட்டத்தையும் பாதிக்காத ஊகக் கேள்விகள் உஸூல் நூல்களில் பெருகின என்பது உண்மை. இமாம் ஷாதிபியும் (மறைவு 1388) 'முவாஃபகாத்'தின் முன்னுரையில், செயலோடு தொடர்பில்லாத பிரச்சினைகளை உஸூலில் சேர்ப்பதற்கு எதிராக எழுதுகிறார். களைய வேண்டியதை உள்ளிருந்தே கண்டவர்கள் அவர்கள்.

19 ஜூன்

ஃபராயிள், அதாவது வாரிசுப் பங்கீட்டுக் கலை பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் பொருத்தப்பாடு பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. வாரிசுப் பங்கு கேட்டு வரும் குடும்பங்களோடு நீண்ட காலமாக உட்கார்ந்து வருகிறேன்.

கணக்கின் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்த பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் இருக்கிறார்கள். கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. கூட்டினால் 7/6, சொத்தைவிடப் பங்குகள் அதிகம். உமர் (ரலி) ஆட்சியில் இப்படியொரு நிலை எழுந்தபோது, கலந்தாலோசித்து, ஆறு பங்கு என்பதை ஏழாக உயர்த்தி, கணவருக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7 என்று எல்லோருக்கும் விகிதப்படி குறைத்தார்கள். இதற்கு அவ்ல் என்று பெயர். இப்னு அப்பாஸ் (ரலி) பின்னர் இதில் மாறுபட்டார். அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய இயற்கணித நூலின் பெரும் பகுதி, வாரிசுரிமையையும் மரண சாசனத்தையும் பற்றிய கணக்குகள்தான். மார்க்கத் தேவை ஒன்று கணிதத்தை எவ்வளவு தூரம் உடன் அழைத்துச் சென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பின்னங்களைச் செயலிகளே ஒரு நொடியில் போட்டுத் தருகின்றன. அதனால் ஃபராயிள் கலை தேவையற்றதாகிவிட்டதா? என் அனுபவம் நேர்மாறானது. செயலி பங்கிடும், எதைப் பங்கிடுவது என்று அதற்குத் தெரியாது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் (மரண சாசனம்) ஆகியவை போன பிறகே வாரிசுகளின் பங்கு தொடங்குகிறது. ஒரு குடும்பத்தில் மகன்கள் தந்தையின் சொத்தைப் பட்டியல் போட்டு வந்தார்கள். தாய்க்கு எட்டில் ஒன்று என்று அவர்களே கணக்கும் போட்டிருந்தார்கள். "உங்கள் தந்தை மஹரை, மனைவிக்குரிய மணக்கொடையை, கொடுத்து முடித்தாரா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தாயை அழைத்துக் கேட்டபோது, திருமணத்தன்று பேசியது இன்னும் வரவில்லை, எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன் என்றார். கொடுக்கப்படாத மஹர் கடன். எல்லாப் பங்குகளுக்கும் முன்னால் அவருக்குப் போக வேண்டியது. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தந்தது கிதாபுதான்.

வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயர் இருப்பதாலேயே பணம் முழுவதும் தமக்கு உரியது என்று எண்ணுபவர்கள் இன்னொரு வகை. ஒப்படைக்கப்பட்டவர் வேறு, உரிமையாளர் வேறு என்பது ஃபிக்ஹில் வகீல் (பிரதிநிதி), அமானத் (நம்பி ஒப்படைத்த பொருள்) பற்றிய பாடங்களை ஓதிய மாணவருக்கு விளக்கமே தேவைப்படாத செய்தி.

3 ஜூலை

மாதத் தொடக்கத்தை முடிவு செய்யும் பிறை பற்றிய சண்டை இந்த இழைக்குள்ளும் வந்துவிட்டது. வானியல் கணக்கை ஏற்கலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும், இது அறிவியலுக்கும் மார்க்கத்துக்கும் இடையிலான மோதல் என்பதுபோலவே எழுதுகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டு டமாஸ்கஸுக்குப் போய்ப் பாருங்கள். உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னுஷ் ஷாதிர் (1304-1375), அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த வானியலாளர்களில் ஒருவர். 1371இல் அந்தப் பள்ளியின் மினாராவுக்கு அவர் செய்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. அவர் வாழ்ந்த அதே நகரில் ஷாஃபிஈ சட்டப் பள்ளியின் தலைமை நீதிபதியாக இருந்தவர் தகீயுத்தீன் அஸ்ஸுப்கீ. அவர் ஒரு நுட்பமான நிலைப்பாட்டை எடுத்தார்: பிறை தெரிவது சாத்தியமே இல்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டும்போது, கண்டேன் என்று சாட்சி சொல்பவரை ஏற்கக்கூடாது, ஏனெனில் கணக்கு உறுதி, சாட்சியம் யூகம், யூகம் உறுதியை எதிர்த்து நிற்காது. எல்லா அறிஞர்களும் இதை ஏற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கை முழுவதும் தள்ளாமலும், கண்ணால் காணும் ஸுன்னத்தை (நபிவழியை) விட்டுவிடாமலும், சாட்சியின் எடையைச் சோதிக்கும் இடத்தில் கணக்கை வைத்தார் என்பதே கவனிக்க வேண்டியது. இன்று மேடைகளில் நடக்கும் விவாதம் இந்த நுட்பத்துக்கு அருகில்கூட வருவதில்லை.

17 ஜூலை

"உஸூலும் வேண்டாம், ஃபிக்ஹும் வேண்டாம், மகாஸித் போதும். மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், செல்வம் ஆகிய ஐந்தைக் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்றால், அவற்றை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்யலாமே" என்ற வாதத்துக்குப் பதில் எழுதக் காலம் எடுத்துக்கொண்டேன், அந்த வாதத்தின் ஈர்ப்பு எனக்கும் தெரியும்.

அந்த ஐந்தை வகுத்துத் தந்தவர்களே உஸூலின் ஆசான்கள். கஸ்ஸாலியின் 'முஸ்தஸ்ஃபா' உஸூல் நூல். நோக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வழியைக் கைவிட்டால், விரும்பிய எதையும் ஐந்தில் ஒன்றின் பெயரால் அனுமதிக்கலாம், தடுக்கவும் செய்யலாம். வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நோக்கத்தைக் கைவிட்டாலும் அதே சேதம்தான். இதற்கு வங்கித் துறையிலேயே சான்று உண்டு. ஒருவர் ஒரு பொருளைத் தவணைக்கு வாங்கி, அதை மூன்றாம் நபருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறுவதற்கு தவர்ருக் என்று பெயர். அறிஞர் பலர் இதை அனுமதித்திருக்கிறார்கள். வங்கிகள் இதை ஏற்பாடு செய்யப்பட்ட ஒன்றாக மாற்றின: வாங்குவதும் விற்பதும் வாடிக்கையாளர் சார்பில் வங்கியே நடத்தும், வாடிக்கையாளர் பொருளைப் பார்ப்பதே இல்லை, கையில் குறைந்த பணம், கணக்கில் கூடுதல் கடன். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. ஃபிக்ஹு பேரவை 2009இல் ஷார்ஜாவில் கூடி இந்த ஏற்பாடு கூடாது என்று முடிவு செய்தது. ஒப்பந்தத்தின் உறுப்புகளைப் பிரிக்கும் ஃபிக்ஹும், அவை சேரும்போது உருவாகும் விளைவைப் பார்க்கும் மகாஸித் பார்வையும் ஒரே மனிதரிடம் இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு சாத்தியம்.

கெய்ரோவில் வாழ்ந்த மாலிகீ சட்டப் பள்ளி அறிஞர் அல்கராஃபி (மறைவு 1285) முஃப்திக்கு, அதாவது மார்க்கத் தீர்ப்புச் சொல்பவருக்குச் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். வேறு ஊரிலிருந்து ஒருவர் கேள்வியோடு வந்தால், உன் ஊர் வழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே, அவருடைய ஊர் வழக்கத்தைக் கேள். நூல்களில் எழுதப்பட்டதில் ஆயுள் முழுவதும் உறைந்து நிற்பது மார்க்கத்தில் வழிகேடு, முன்னோரின் நோக்கத்தை அறியாமை என்கிறார். கேள்வி கேட்டவருக்கு "கிதாபில் இல்லை" என்று சொல்லப்பட்டதே, அந்தப் பதிலை மறுப்பதும் ஒரு கிதாபுதான்.

2 ஆகஸ்ட்

கடந்த வாரம் இங்கே இரு சகோதரர்களிடையே நடந்த வாக்குவாதத்தைப் படித்தபோது, நாம் முற்றிலும் மறந்துவிட்ட ஒரு சிறிய கலை நினைவுக்கு வந்தது: ஆதாபுல் பஹ்ஸ் வல்முனாழரா, விவாத ஒழுங்குமுறை. பதிமூன்றாம் நூற்றாண்டில் ஷம்சுத்தீன் அஸ்ஸமர்கந்தி அதைத் தனிக் கலையாக ஒழுங்குபடுத்தினார். அதன்படி வாதம் முன்வைப்பவர் ஒருவர், வினவுபவர் மற்றவர். வினவுபவருக்கு மூன்று வழிகளே உண்டு. உன் முன்கூற்றுக்குச் சான்று கொடு என்று கேட்கலாம். உன் வாதத்தை ஏற்றால் தவறான முடிவும் பிறக்கிறது என்று காட்டி உடைக்கலாம். உன் முடிவுக்கு நேர் எதிரானதை நிறுவும் வேறொரு வாதத்தை வைக்கலாம். எதிராளியின் ஆசிரியர் யார், அவர் எந்த இயக்கம், எங்கிருந்து பணம் வருகிறது என்பனவெல்லாம் இந்த மூன்றில் எதிலும் சேராது. பேச்சாளராக விரும்பும் மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கலையில் உள்ள சிறு நூல் ஒன்றைத்தான்.

24 ஆகஸ்ட்

ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "இந்தக் கலைகள் பெண்களுக்கு எப்போதாவது திறந்திருந்தனவா? எனக்கு ஏழாண்டு மத்ரஸாவும் கிடையாது. நான் எங்கே தொடங்குவது?"

திறந்திருந்தன. மேலே சொன்ன கதீப் அல்பக்தாதி மக்காவுக்குச் சென்றபோது ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பை ஒரு பெண்ணிடம் ஓதினார். அவர் கரீமா அல்மர்வஸிய்யா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபாதிமா அஸ்ஸமர்கந்திய்யா ஹனஃபீ சட்டப் பள்ளியின் ஃபிக்ஹில் தேர்ந்தவர். அவருடைய தந்தையும், 'பதாயிஉஸ் ஸனாயிஃ' எழுதிய கணவர் அல்காஸானியும் கையெழுத்திடும் ஃபத்வாக்களில் அவருடைய கையெழுத்தும் இருக்கும். அறிவிப்பாளர்களைக் கடுமையாக எடைபோட்ட தஹபீ (1274-1348), பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண் அறிவிப்பாளரைக்கூடத் தாம் அறியவில்லை என்று எழுதியிருக்கிறார். கதவைப் பின்னர் சாத்தியவர்கள் நாம்.

தொடங்குவது பற்றி: தஜ்வீதை, அதாவது குர்ஆனைச் சரியாக உச்சரித்து ஓதும் முறையைச் சரி செய்துகொள்ளுங்கள். தொழுகை, நோன்பு, ஸகாத், உங்கள் தொழில் அல்லது குடும்பம் தொடர்பான சட்டங்கள் ஆகியவற்றை ஒரு மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) சிறு நூலிலிருந்து, கேள்வி கேட்க அனுமதிக்கும் ஓர் ஆசிரியரிடம் ஓதுங்கள். அது ஃபர்ளு ஐன், ஒவ்வொருவர் மீதும் உள்ள கடமை. பிறகு ஐந்து பெரும் ஃபிக்ஹு பொதுவிதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: செயல்கள் நோக்கத்தைப் பொறுத்தவை, உறுதி ஐயத்தால் நீங்காது, சிரமம் எளிமையைக் கொண்டுவரும், தீங்கு அகற்றப்பட வேண்டும், வழக்கம் தீர்ப்பளிக்கும். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் முதல் நூறு பிரிவுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட விதிகள்தான்; ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தேடி எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அரபி இலக்கணத்தை இதற்கு இணையாக, குர்ஆன் வசனங்களை வைத்தே தொடங்கலாம். மன்திக் பிறகு வரட்டும். நீங்கள் செவிலியர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள். சுவாசக் கருவி பற்றிய கேள்வி ஒரு முஃப்தியிடம் வரும்போது, அந்த அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சரியாகச் சொல்லக்கூடியவர் தேவை.